கிண்டிக்குப் படிக்க வந்த பெண்கள்

அய்யலசோமயாஜுல லலிதாவுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம் ஆயிற்று. பதினெட்டு வயதில் கணவர் இறந்துபோனார். அது 1937. கையில் நான்கு மாதப் பெண்குழந்தை. சென்னையில் வாழ்ந்த தெலுங்குக் குடும்பம் அது. ஏழு பிள்ளைகளில் லலிதா ஐந்தாவது. அந்தக் காலத்தில் அந்த வயதில் தாலி இழந்த பெண்ணுக்கு என்ன காத்திருந்தது என்பதைப் பாட்டிமார் வாயால் கேட்டு வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வீட்டின் பின்கட்டு ஒன்றுதான் காத்திருந்தது.

லலிதா பின்கட்டுக்குப் போகவில்லை. ராணி மேரி கல்லூரியில் சேர்ந்து இண்டர்மீடியட்டை முதல் வகுப்பில் முடித்தார். அடுத்து என்ன என்ற பேச்சு வந்தபோது மருத்துவம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சென்னையில் பெண் டாக்டர்கள் அப்போது புதிதல்ல. முத்துலட்சுமி ரெட்டி பட்டம் வாங்கி ஒரு தலைமுறையே கடந்திருந்தது. ஆனால் டாக்டர் என்றால் நடுராத்திரியிலும் கதவைத் தட்டுவார்கள், குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டும். காலையில் போய் மாலையில் வீடு திரும்பக்கூடிய வேலை வேண்டும் என்று லலிதா நினைத்தார். அதனால் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். இதைப் பின்னாளில் சொன்னவர் அவருடைய மகள்தான். சென்னை மாகாணத்தில் பொறியியல் படிக்க ஒரு பெண் எடுத்த முதல் முடிவுக்குக் காரணம், மடியில் இருந்த குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கணக்கு. இந்த ஒரு தகவலை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கிண்டிப் பொறியியல் கல்லூரி அப்போது எப்படி இருந்தது? நிலம் அளக்க ஆட்கள் தேவைப்பட்டதால் 1794-ல் மைக்கேல் டாப்பிங் எட்டு மாணவர்களைக் கொண்டு ஒரு சர்வே பள்ளியை ஆரம்பித்தார். அது வளர்ந்து கல்லூரியாகி, சேப்பாக்கத்தில் பல காலம் இருந்து, 1920-ல் கிண்டியின் சிவப்புக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது. பாலம், அணை, கால்வாய், ரயில் பாதை என்று தென்னிந்தியாவில் கட்டப்பட்டவற்றுக்கெல்லாம் ஆள் அனுப்பிய இடம் அது. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே ஒரு மாணவிகூட இல்லை. பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று விதி போட வேண்டிய அவசியமே எழுந்ததில்லை. எந்தப் பெண்ணும் கேட்கவில்லை. கேட்பாள் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

லலிதாவின் தந்தை பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவிடம் அவர் பேசினார். பொதுக் கல்வி இயக்குநராக இருந்த ஆர்.எம். ஸ்டாதம் அனுமதி தந்தார். ஒரு தந்தை, ஒரு முதல்வர், ஓர் அதிகாரி. மூவரும் ஒரே வட்டத்தில் புழங்கியவர்கள். மூவரில் ஒருவர் மறுத்துத் தலையை ஆட்டியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

நூற்றுக்கணக்கான பையன்களுக்கு நடுவில் ஒரே மாணவி. விடுதியில் தனி அறை கொடுத்தார்கள். குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தது. லலிதா வாரக் கடைசியில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பையன்களால் தொந்தரவு இருந்ததாகத் தெரியவில்லை, தனிமைதான் வாட்டியது. கல்லூரி பெண்களுக்கும் திறந்திருக்கிறது என்று விளம்பரம் செய்தார்கள். அதைப் பார்த்து இருவர் வந்தார்கள்: பி.கே. திரேசியா, லீலம்மா ஜார்ஜ். இருவருமே இன்றைய கேரளப் பகுதியைச் சேர்ந்தவர்கள், இருவருமே சிவில் பிரிவு. லலிதா இவர்களுக்கு ஒரு வருடம் சீனியர். ஆனால் இரண்டாம் உலகப் போரை முன்னிட்டுப் பாடத்திட்டத்தைச் சுருக்கியதால் மூவரும் ஒன்றாகவே வெளியே வந்தார்கள். பட்டச் சான்றிதழில் ஆண்களுக்கென்று அச்சடித்திருந்த சொல்லைப் பேனாவால் அடித்துப் பெண்பாலாகத் திருத்திக் கொடுத்தது பல்கலைக்கழகம். வேறு படிவம் அவர்களிடம் இல்லை.

ஏறக்குறைய அதே வருடங்களில் கிண்டியில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் வர்கீஸ் குரியன். அவர் ஆனந்துக்குப் போய் நாட்டின் பால் வரலாற்றையே மாற்றியதை எல்லோரும் அறிவார்கள். கல்லூரியின் பெருமைமிகு மாணவர்கள் என்று பட்டியல் போட்டால் குரியன் பெயர் முதல் வரியில் வரும். நாகார்ஜுனசாகர் அணையோடு பேர் சேர்ந்த கே.எல். ராவ் வருவார். 1958-ல் சிவில் முடித்துவிட்டுப் போய்ச் செயற்கை நுண்ணறிவில் உழைத்து 1994-ல் டூரிங் விருது பெற்ற ராஜ் ரெட்டி வருவார். கிரிக்கெட் ரசிகர்கள் விடாமல் வெங்கட்ராகவனையும் ஸ்ரீகாந்தையும் சேர்ப்பார்கள். அந்த மூன்று பெண்களின் பெயர் அண்மைக்காலம் வரை அந்தப் பட்டியலில் வெகு கீழே இருந்தது, பல பட்டியல்களில் இல்லவே இல்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. ஏனென்றால் அவர்கள் முதலில் நுழைந்தவர்கள் மட்டுமல்லர். மூன்று பேருமே கடைசி வரை பொறியாளர்களாக வேலை செய்தவர்கள். நுழைந்த கதையைச் சொல்லும் பலரும் அதன் பிறகு நடந்த முப்பது வருடத்தைச் சொல்வதில்லை.

லலிதா ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் ஒரு வருடம் பயிற்சி எடுத்தார். பிறகு சிம்லாவில் மத்திய தர நிர்ணய அமைப்பில் வேலை. சிம்லா ஏன்? அங்கே அண்ணன் குடும்பம் இருந்தது, குழந்தையோடு தங்கலாம். இடையில் சில காலம் தந்தையின் ஆராய்ச்சிக்கு உதவினார். சுப்பாராவ் கண்டுபிடிப்புகளில் ஆர்வம் கொண்டவர். மின்சாரத்தில் இயங்கும் இசைக்கருவி ஒன்றை உருவாக்கிப் பார்த்தவர். ஆனால் அதில் குடும்பம் நடத்த முடியாது. 1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். கல்கத்தா ஏன்? அங்கே இன்னொரு சகோதரர் குடும்பம் இருந்தது. சம்பளம், பதவி, ஆர்வம் எல்லாம் இரண்டாம் பட்சம். ஒவ்வொரு ஊரையும் அவர் தேர்ந்தெடுத்தது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கே யார் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான்.

அங்கே அவர் செய்தது மேசை வேலை என்று யாராவது சொன்னால், அந்த மேசையில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். மின்கடத்தும் தடங்களின் வடிவமைப்பு, துணைமின் நிலையங்களின் வரைபடம், பாதுகாப்புக் கருவிகள். ஓர் உயரழுத்தக் கம்பியில் மரம் விழுந்தாலோ இடி இறங்கினாலோ, கண் இமைப்பதற்குள் ரிலே அதை உணர்ந்து, பிரேக்கரைத் திறந்து, பழுதான பகுதியை மட்டும் பிரித்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் டிரான்ஸ்பார்மர் எரியும். தேவையில்லாமல் முந்திக்கொண்டால் ஊரே இருட்டாகும். எந்த ரிலே எந்த அளவு மின்னோட்டத்துக்கு, எத்தனை நேரத்தில் இயங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைக்க வேண்டும். சுதந்திர இந்தியாவின் மின்வலை விரிந்துகொண்டிருந்த காலத்தில் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர் லலிதா. பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் அவர் பங்கு உண்டு. 1953-ல் லண்டன் மின்பொறியாளர் கழகம் அவரை இணை உறுப்பினராக ஏற்றது. 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்குப் போனார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஏறத்தாழ முப்பது வருடம் அதே நிறுவனத்தில் இருந்து ஓய்வு பெற்றார். 1979-ல் அறுபது வயதில் காலமானார்.

திரேசியாவின் வழி வேறு. திருச்சூர் மாவட்டம் எடத்திருத்தி என்ற ஊரில் விவசாயக் குடும்பம். படித்து முடித்ததும் கொச்சி சமஸ்தானப் பொதுப்பணித் துறையில் செக்‌ஷன் ஆபீசர். முளங்குன்னத்துக்காவு காசநோய் மருத்துவமனைக் கட்டுமானத்தில் பொறுப்பு. செயற்பொறியாளர், கண்காணிப்புப் பொறியாளர் என்று ஒவ்வொரு படியாக ஏறி 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவிலேயே அந்தப் பதவியைத் தொட்ட முதல் பெண். சாலைத் தாரில் ரப்பர் கலந்து போடும் முறையைக் கேரளத்தில் முன்னெடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். சிறிதளவு ரப்பரைக் கலந்தால் தார் வெயிலில் அவ்வளவு இளகாது, மழையில் சீக்கிரம் பெயராது. ரப்பர் விளையும் மண்ணில், வருடத்தில் பாதி மழை கொட்டும் மண்ணில், அந்த யோசனையின் மதிப்பு அந்தச் சாலைகளில் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியின் மகப்பேறு, குழந்தைகள் மருத்துவமனைக் கட்டடமும் அவர் காலத்துப் பணிகளில் ஒன்று. 1979-ல் ஓய்வு பெற்றபின் சும்மா இருக்கவில்லை. திருவனந்தபுரத்தில் ஆலோசனை நிறுவனம் தொடங்கினார். இரண்டே வருடத்தில் காலமாகிவிட்டார். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

லீலம்மா திருவிதாங்கூர் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். சமஸ்தானம் அவரை நகரமைப்புப் பயிற்சிக்காக இங்கிலாந்துக்கு அனுப்பியது. மூவரில் குறைவாகப் பேசப்படுபவர் அவர்தான்.

இப்போது கிண்டிக்குள் போனால் மாணவிகள் எங்கும் இருக்கிறார்கள். நூலகத்தில், கேண்டீனில், டெக்கோஃபெஸ் கலைவிழா மேடையில், சிவப்புக் கட்டடத்தின் படிக்கட்டில். அந்தக் கட்டடத்தில் எண்பது வருடத்துக்கு முன்பு ஒரே ஒருத்தி இருந்தாள் என்பதைக் கற்பனை செய்வதே கடினம். இந்த மாற்றம் எப்படி வந்தது என்று யோசிக்கும்போது, காலம் மாறிவிட்டது என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறோம். காலம் தானாக மாறுவதில்லை. ஒவ்வொரு விதியாகப் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆண்டு உண்டு.

1978-ல் கிண்டி, ஏ.சி. டெக், குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி ஆகியவற்றைச் சேர்த்து அண்ணா பல்கலைக்கழகம் உருவானது. பிறகு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. இதன் அருமை, அதற்கு முன்பு சிபாரிசுக் கடிதத்தோடு அலைந்த குடும்பங்களுக்குத்தான் தெரியும். ஜூன், ஜூலை மாதங்களில் தர்மபுரியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் ராத்திரி பஸ் ஏறி விடியற்காலையில் வந்து இறங்குவார்கள். அம்மா, அப்பா, மாமா, ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதில் சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஐயாயிரம் ரூபாய்க்கு டி.டி. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கு ஆயிரம் ரூபாய்தான். பந்தலுக்கடியில் பெரிய திரை. எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் இருக்கிறது என்று அதில் ஓடிக்கொண்டே இருக்கும். தன் முறை வருவதற்குள் கிண்டியில் ஈ.சி.ஈ. தீர்ந்துவிடுமோ என்று திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த முகங்களை நான் மறக்க மாட்டேன். கூப்பிட்டதும் பெண் உள்ளே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். கூட வந்த அப்பா நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். பள்ளிப் படிப்பையே முடிக்காத அப்பாக்கள் எத்தனையோ பேர். "நீ பாத்து எடுத்துக்கம்மா" என்பார். அந்த இடத்தில் அவருக்கு யாரையும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. கட்-ஆஃப் இருந்தால் இடம் உண்டு.

லலிதாவுக்கு ஒரு பேராசிரியர் தந்தையாக இருக்க வேண்டியிருந்தது. இந்தப் பெண்ணுக்குத் தந்தை யாராக இருந்தாலும் போதும். எண்பது வருடத்தில் நடந்த மாற்றங்களில் மிகப் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன்.

2007-ல் நுழைவுத் தேர்வு நீங்கியது. நகரத்தில் ஸ்பெஷல் கோச்சிங் போன பிள்ளைக்கும் கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் இருந்த இடைவெளி கொஞ்சம் குறைந்தது. 2010-ல் முதல் பட்டதாரிச் சலுகை வந்தது: வீட்டில் அதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும். தாலுகா அலுவலகம் தரும் முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்ற அந்த ஒற்றைத் தாள் இல்லாவிட்டால் எத்தனையோ பெண்கள் பி.எஸ்சி.யோடும் பி.எட்.டோடும் நின்றிருப்பார்கள். 2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு பொறியியலுக்கும் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் ஆரம்பித்தது. ஆயிரம் ரூபாய் என்ன செய்யும் என்று கேட்பவர்கள், மாதக் கடைசியில் விடுதியில் இருக்கும் பெண்ணிடம் கேட்டுப் பார்க்கட்டும். கலந்தாய்வும் 2018 முதல் ஆன்லைனுக்குப் போய்விட்டதால் அந்தப் பந்தல் இப்போது இல்லை.

அந்த மூவருக்குப் பின் படிக்க வந்த பெண்கள் என்ன ஆனார்கள்? சிலர் உலகம் பார்க்கும் இடத்துக்குப் போனார்கள். கிண்டியில் படித்த எம். வனிதா இஸ்ரோவில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்து பல வருடம் சோதனைக் கூடத்தில் வேலை செய்தவர். செயற்கைக்கோளின் கேமரா எடுப்பதைச் சேகரித்து, ஒழுங்குபடுத்தி, பூமிக்கு அனுப்பும் மின்னணு அமைப்புகள்தான் அவருடைய துறை. சந்திரயான்-2 திட்ட இயக்குநர் பொறுப்புக்கு அழைத்தபோது முதலில் தயங்கினார் என்றும், இஸ்ரோவின் மயில்சாமி அண்ணாதுரை பேசிச் சம்மதிக்க வைத்தார் என்றும் அப்போது செய்திகள் வந்தன. 2019 ஜூலை 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய அந்தக் கலம் 3,850 கிலோ. செப்டம்பர் 7 அதிகாலையில் விக்ரம் லேண்டர் நிலவில் மோதி விழுந்தது. நாடு முழுவதும் அதைத் தோல்வி என்று பேசியது. எட்டுக் கருவிகளோடு நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த ஆர்பிட்டரைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு வருடம் வேலை செய்தால் போதும் என்று திட்டமிட்ட அந்த ஆர்பிட்டர் பல வருடங்களாகப் படம் அனுப்பியது. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 லேண்டர் இறங்கத் தயாரானபோது, பூமியோடு பேச அதற்கு வழி அமைத்துக் கொடுத்ததும் அதே ஆர்பிட்டர்தான். நான்கு வருடத்துக்கு முன்பு வனிதாவின் குழு கட்டிய கலத்தின் வழியாக, விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேலின் குழு கட்டிய லேண்டர் பேசியது. இதைச் சாதனை என்று எழுதுவதற்கு நம் பத்திரிகைகள் தவறிவிட்டன என்றே சொல்வேன்.

அரியலூரில் பிறந்த என். வளர்மதி கோவை அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியில் பி.ஈ., அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.ஈ. முடித்து 1984-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். மேகம் மூடியிருந்தாலும் இருட்டாக இருந்தாலும் நிலத்தைப் படமெடுக்கும் ரிசாட்-1 செயற்கைக்கோளுக்குத் திட்ட இயக்குநர் அவர்தான். 2012-ல் அது விண்ணுக்குப் போனது. தமிழக அரசின் அப்துல் கலாம் விருது 2015-ல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் அவர்.

இந்த இரண்டு பெயர்களோடு நிறுத்திவிட்டால் கதை இனிமையாக முடிந்துவிடும். அதைத்தான் பெரும்பாலான விழா மலர்கள் செய்கின்றன. நான் பார்த்த விழா மலர் ஒவ்வொன்றிலும் முன்னாள் மாணவர் பக்கம் ஒரே மாதிரி இருக்கிறது: தலைவர், இயக்குநர், துணைத் தலைவர், ஐ.ஏ.எஸ். கலிஃபோர்னியாவில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர். மாணவிகள் பாதிக்குப் பாதி இருந்த வகுப்பின் இருபத்தைந்தாம் ஆண்டு மலரிலும் அந்தப் பக்கத்தில் பெண் முகங்கள் நாலைந்துதான். மற்றவர்கள் எங்கே போனார்கள்?

கல்லூரிச் சங்கமங்களில் அவர்களைப் பார்க்கலாம். மேடையில் அல்ல, சாப்பாட்டு வரிசையில். வகுப்பில் முதல் மூன்று இடத்தில் இருந்தவர், கேம்பஸ் இண்டர்வியூவில் முதல் நாளே வேலை வாங்கியவர், இரண்டாவது குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டேன் என்பார். ஒருவர் அமெரிக்காவில் கணவரைச் சார்ந்த விசாவில் வருடக்கணக்காக வேலை செய்ய அனுமதியின்றி இருந்ததைச் சொல்வார். இன்னொருவர் மாமியாருக்குப் பக்கவாதம் என்பார். "இப்ப போய்ச் சேந்தா என் ஜூனியர்கிட்ட ரிப்போர்ட் பண்ணணும்டி" என்று சிரித்துவிட்டு ரசத்தை ஊற்றிக்கொள்வார். இதில் யாரும் அழவில்லை, யாரும் குறை சொல்லவில்லை. பல பேர் நிறைவாகவும் இருக்கிறார்கள். வேலையை விட்டது அவர்கள் விரும்பி எடுத்த முடிவாகவும் இருக்கலாம். ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டிய நிலை அவர்கள் வகுப்புப் பையன்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை.

அதே சங்கமங்களில் இன்றைய மாணவிகள் வந்து மூத்தவர்களோடு பேசும் ஒரு மணி நேரம் இருக்கும். ஜி.ஆர்.ஈ., சம்பளம், எந்த கோர்ஸுக்கு எதிர்காலம் என்று பொதுக் கேள்விகள் முடிந்து, கூட்டம் கலைகிற நேரத்தில் ஒரு பெண் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்பாள்: "அக்கா, உங்களுக்குக் குழந்தை பிறந்தப்போ யார் பாத்துக்கிட்டாங்க?" வேலையில் நீடித்தவர்களிடம் இதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். எங்க அம்மா வந்து கூட இருந்தாங்க. சில பேருக்கு மாமியார். சில பேருக்கு ஊரிலிருந்து கூட்டிவந்த அத்தை.

லலிதாவின் அண்ணன் வீடு சிம்லாவில் இருந்தது, இன்னொரு சகோதரர் வீடு கல்கத்தாவில் இருந்தது. கல்லூரிக்குள் நுழைவதற்கு இன்று யாருடைய தயவும் வேண்டாம் என்று ஆக்கிவிட்டோம். தொழிலில் நிலைத்திருப்பதற்கு மட்டும் அன்றைக்கு அவருக்கு வாய்த்தது போல ஓர் அண்ணன் வீடோ அம்மாவின் முழங்காலோ வாய்க்க வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு மூட்டு வலி வந்தால் மகளின் வேலை போய்விடுகிறது. சாக்கோவும் ஸ்டாதமும் செய்த உதவியை விதியாக மாற்ற நமக்கு அறுபது, எழுபது வருடம் ஆயிற்று. அந்த அண்ணன் வீட்டை விதியாக மாற்றும் வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

தொடங்கியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1961-ம் ஆண்டுச் சட்டம் பன்னிரண்டு வாரம் தந்த பேறுகால விடுப்பு 2017 திருத்தத்தில் இருபத்தாறு வாரமாயிற்று. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில் வந்தது. விடுப்பை நிறுவனங்கள் தருகின்றன. காப்பகம் பல இடங்களில் காகிதத்தில்தான். தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு 2021 முதல் பன்னிரண்டு மாத விடுப்பு தருகிறது. அரசு வேலையில் பெண்களுக்கு 1989-ல் வந்த முப்பது சதவீத ஒதுக்கீட்டை நாற்பதாக்குவதாகவும் 2021-லேயே அறிவித்தார்கள். டி.என்.பி.எஸ்.சி. உதவிப் பொறியாளர் தேர்வுக்கு மூன்று வருடம், நான்கு வருடம் விடாமல் படிக்கும் பெண்களை வைத்துச் சிலர் கேலி பேசுகிறார்கள், ஐ.டி.யில் இதைவிட இரண்டு மடங்கு சம்பளம் கிடைக்குமே என்கிறார்கள். அந்தப் பெண்கள் கணக்குத் தெரிந்தவர்கள். சம்பளத்தோடு சேர்த்து, முப்பது வருடம் தொடர்ந்து பொறியாளராக இருக்க முடியுமா என்றும் பார்க்கிறார்கள். திரேசியா தலைமைப் பொறியாளர் நாற்காலிக்கு வந்ததும் அரசுத் துறை வழியாகத்தான். ஏரி மதகில் தண்ணீர் அளந்துகொண்டும், துணைமின் நிலையத்தில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துக்கொண்டும் இருக்கும் இந்த உதவிப் பொறியாளர்கள்தாம் அந்த மூவரின் நேர் வாரிசுகள் என்று எனக்குத் தோன்றும். அவர்கள் படம் எந்த விழா மலரிலும் வருவதில்லை.

வெளியூரிலிருந்து வேலைக்கு வரும் பெண்களுக்காகத் தாம்பரம், ஓசூர் போன்ற இடங்களில் அரசு தோழி விடுதிகளைத் திறந்திருக்கிறது. இடைவெளி விட்டவர்கள் திரும்பி வருவதற்கு வழிகள் உண்டு: டாடா குழுமம் 2008-லேயே இரண்டாம் தொழில்வாழ்க்கைப் பயிற்சித் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆராய்ச்சியை விட்ட பெண்களுக்கு உதவித்தொகை தருகிறது. இவை இருக்கின்றன என்பதே தேவைப்படுகிற பெண்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

இங்கேதான் கல்லூரிகளின் முன்னாள் மாணவர் சங்கங்களுக்கு வேலை இருக்கிறது. கட்டடம் கட்ட நிதி திரட்டுகிறார்கள், உதவித்தொகை தருகிறார்கள். இரண்டும் நல்ல காரியங்கள். அவற்றோடு, ஒவ்வொரு வகுப்பிலும் தொழிலை விட்ட பெண்கள் யார், எந்த வருடம் விட்டார்கள், ஏன் விட்டார்கள், திரும்ப விருப்பமா என்று ஒரு பதிவேடு போடலாம். அதே வகுப்பில் படித்து இன்று நிறுவனம் நடத்துகிறவர்களிடம் அந்தப் பதிவேட்டைக் கொடுத்து, இவர்களில் எத்தனை பேரை எடுத்துக்கொள்வாய் என்று பெயர் சொல்லிக் கேட்கலாம். பழைய பாடம் மறந்திருக்கும், மென்பொருள் மாறியிருக்கும்; ஆறு மாதப் புத்தறிவுப் பயிற்சியைக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்திலேயே நடத்தலாம். பயிற்சி நடக்கும் கூடத்துக்கு அடுத்த அறையில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாவும் பாயும் விளையாட்டுச் சாமான்களும் இருக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு வெள்ளிவிழாச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டாது.